மாதம் ஓர் ஊசி: இதய வால்வு நோயும் வழக்காகாத மரணங்களும்

தருமபுரி நகருக்குத் தெற்கே, சேலம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது அதியமான்கோட்டை. அவ்வூரை அடுத்த ஒரு குடியிருப்பில், வீட்டுமனைப் பட்டா கோரும் மனுக்களை மக்களோடு அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தோம். இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர், வருமானச் சான்றிதழுக்கு மனு எழுதித் தருமாறு கேட்டு வந்தார். தெருவின் அந்த முனையிலிருந்து நாங்கள் இருந்த இடத்துக்கு வருவதற்குள் இரண்டு திண்ணைகளில் அவர் உட்கார்ந்து எழுந்ததைக் கண்டோம். கையிலிருந்த பிளாஸ்டிக் பையில் மருத்துவமனைச் சீட்டுகள் இருந்தன. இதய வால்வுக்குச் சிகிச்சை பெறக் காப்பீட்டு அட்டை வேண்டும்; அட்டை பெற வருமானச் சான்று வேண்டும்.

"இது எதனாலங்க வருது? எங்க வீட்டுல யாருக்குமே இல்லையே" என்று கேட்டார் அவர். அருகிலிருந்த அவருடைய தாய் நினைவுகூர்ந்தார். ஒன்பது வயதில் மகளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து போயின. சில வாரங்கள் கழித்து முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால் வீங்கியது. மாதாமாதம் ஊசி போட வேண்டும் என்று ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள். மூன்று மாதம் போட்டார்கள். பிறகு குடும்பம் கட்டட வேலைக்குப் பெங்களூரு சென்றது. ஊசி நின்றது. ஏன் வரவில்லை என்று கேட்டு எவரும் தேடி வரவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, கருவுற்ற ஏழாம் மாதத்தில் மூச்சுத்திணறிச் சாய்ந்தபோதுதான் இதயத்தின் வால்வு சுருங்கிப்போனது தெரியவந்தது.

சட்டம் பயின்ற எங்களுக்கு அந்தச் சீட்டுகளைப் படிக்கத் தெரியவில்லை. மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைத் தேடியும் நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறோம். இந்த நோயைத் தடுக்கும் வழியை மருத்துவ உலகம் அறிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆயினும் அது நம் குடியிருப்புகளில் நீடிக்கிறது என்றால், காரணத்தை உடலுக்குள் மட்டும் தேடிப் பயனில்லை.

நான்கு கதவுகள்

இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் குருதி முன்னோக்கி மட்டுமே செல்லவேண்டும்; பின்னோக்கித் திரும்பக் கூடாது. இதை உறுதிசெய்பவை நான்கு வால்வுகள். அவற்றை ஒருவழிக் கதவுகள் எனலாம். மெல்லிய இதழ்களால் ஆன இக்கதவுகள், குருதி வரும்போது திறந்து, கடந்தபின் இறுக மூடிக்கொள்கின்றன.

இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ளது மைட்ரல் வால்வு. இதற்கு இரண்டு இதழ்கள். நுரையீரலில் தூய்மைபெற்ற குருதி இதன் வழியாகவே உடலுக்குச் செலுத்தப்படும் கீழறையை அடைகிறது. அங்கிருந்து உடலுக்குச் செல்லும் வாயிலில் உள்ளது அயோர்டிக் வால்வு. வலப்பக்கத்தில் டிரைகஸ்பிட், பல்மனரி என இரண்டு வால்வுகள்.

வால்வில் இருவகைக் கோளாறுகள் நேரலாம். இதழ்கள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வழி குறுகும், இது சுருக்கம். இதழ்கள் சரியாக மூடாவிட்டால் குருதி பின்னோக்கி வழியும், இது கசிவு. இரண்டும் ஒரே வால்வில் சேர்ந்தும் வரும். நலமான மைட்ரல் வால்வு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் அளவுக்குத் திறக்கும். அது 1.5 சதுர சென்டிமீட்டருக்குள் குறுகினால் கடுமையான சுருக்கம் என மருத்துவர்கள் கணிக்கிறார்கள். அப்போது மேலறையில் குருதி தேங்குகிறது. அதன் அழுத்தம் நுரையீரலைத் தாக்குகிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். பிறகு நடந்தாலே வாங்கும். இறுதியில் படுத்தாலும் வாங்கும். இருமலில் குருதி கலக்கலாம். வீங்கிய மேலறை ஒழுங்கின்றித் துடிக்கத் தொடங்கினால் அங்கே குருதி உறைந்து கட்டியாகும். அக்கட்டி மூளைக்குச் சென்றால் முப்பது வயதிலேயே பக்கவாதம்.

வால்வு நோய்க்குப் பல காரணங்கள் உண்டு. செல்வ நாடுகளில் அது பெரும்பாலும் முதுமையின் நோய். வயது ஏற ஏற வால்வில் சுண்ணாம்பு படிவதால் வருவது. சிலருக்குப் பிறவியிலேயே குறை இருக்கும். ஆனால் நம் நாட்டில் பதினைந்து வயதுச் சிறுமியும் இருபத்தைந்து வயதுத் தொழிலாளியும் வால்வு பழுதாகி மருத்துவமனை வாயிலில் நிற்கிறார்கள் என்றால், பெரும்பாலும் அதன் காரணம் மூட்டுவாதக் காய்ச்சல். மருத்துவர்கள் இதை ருமாட்டிக் காய்ச்சல் என்பர். உலகில் ஏறத்தாழ ஐந்தரைக் கோடிப் பேர் இதனால் வரும் இதய நோயோடு வாழ்வதாகவும், ஆண்டுதோறும் 3.6 லட்சம் பேர் இறப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இம்மரணங்களில் பெரும்பங்கு இந்தியாவுடையது.

தொண்டையிலிருந்து இதயத்துக்கு

இந்நோயின் தொடக்கம் தொண்டையில். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எனும் பாக்டீரியாவின் 'ஏ' பிரிவு பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளின் தொண்டையைத் தாக்குகிறது. அதை எதிர்க்க உடல் எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. அப்பாக்டீரியாவின் மேலுறையிலுள்ள ஒரு புரதம் இதயத் தசையிலும் வால்விலும் உள்ள புரதத்தைப் போன்ற அமைப்புடையது. ஆகவே சில பிள்ளைகளின் உடலில், எதிரியைத் தேடிச் சென்ற படை ஆள் மாறிச் சொந்த வீட்டையே தாக்கிவிடுகிறது. தொண்டை வலி ஆறிய இரண்டு முதல் நான்கு வாரங்களில் இது நிகழ்கிறது.

பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருக்கவேண்டிய அடையாளங்கள் சில உண்டு. முழங்கால், கணுக்கால், முழங்கை, மணிக்கட்டு போன்ற பெரிய மூட்டுகள் ஒன்று மாற்றி ஒன்றாக வீங்கி வலிக்கும். காய்ச்சல் இருக்கும். ஓடியாடும் பிள்ளை மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும். சிலருக்குக் கை கால்களும் முகமும் தம்மையறியாமல் துள்ளும்; எழுத்து கோணும்; கையிலிருந்த தட்டு நழுவும். இதைச் சேட்டை என்று அடிப்பவர்களும், காற்றுக் கருப்பு என்று மந்திரிக்க அழைத்துச் செல்பவர்களும் உண்டு. மூட்டு வலி சில வாரங்களில் தழும்பின்றிப் போய்விடும் என்பதே இந்நோயின் வஞ்சகம். வலி போனதும் நோயும் போனதாக எண்ணுகிறோம். மூட்டு ஆறிவிடுகிறது, வால்வு ஆறுவதில்லை. அடுத்தடுத்த தொண்டைத் தொற்றுகள் காய்ச்சலை மீண்டும் கொணர்கின்றன. ஒவ்வொரு முறையும் வால்வில் புதிய தழும்பு விழுகிறது.

எல்லாத் தொண்டை வலியும் இதுவன்று. பெரும்பாலானவை வைரஸால் வந்து தாமே அகல்பவை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்கு உள்ளானவர்களிலும் மிகச் சிலருக்கே மூட்டுவாதக் காய்ச்சல் வருகிறது. தொண்டை வலி தொடங்கிய 9 நாட்களுக்குள் பென்சிலின் கொடுத்துவிட்டால் அந்தச் சிலரையும் காக்கலாம். ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்து ஏறி, வரிசையில் நின்று மருத்துவரைக் காண அந்த ஒன்பது நாட்களுக்குள் ஒரு குடும்பத்தால் முடிகிறதா என்பதே கேள்வி.

நெரிசல் எங்கிருந்து வந்தது?

இந்தப் பாக்டீரியா மூச்சுத் துளிகளாலும் நெருக்கத்தாலும் பரவுகிறது. ஒரே பாயில் நான்கு பிள்ளைகள் உறங்கும் வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்த தொற்று நான்கு பிள்ளைகளையும் சுற்றி வருகிறது. டென்மார்க்கில் மூட்டுவாதக் காய்ச்சல் பென்சிலின் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டது. வீடு, உணவு, வாழ்நிலை ஆகியவற்றில் ஏற்பட்ட மேம்பாடே அதற்கான விளக்கமாகச் சொல்லப்படுகிறது.

செல்வ நாடுகளிலும் இந்நோய் சமூகம் பார்த்தே எஞ்சியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அது பெரும்பாலும் தொல்குடி மக்களின் நோய். நியூசிலாந்தில் மாவோரி மக்களும் பசிபிக் தீவினரும் அதைச் சுமக்கிறார்கள். இந்நோயைத் தடுப்பதற்காகவே நியூசிலாந்து அரசு 2013இல் வீடுகளின் நெரிசலையும் ஈரத்தையும் குறைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இதய நோய்க்கு வீட்டைச் சீர்செய்வதும் மருந்து என ஓர் அரசு ஒப்புக்கொண்டதாகவே இதை நாம் வாசிக்கவேண்டும்.

நம் ஊர்களுக்கு வருவோம். ஊரின் வீடுகள் பெருகும்போது ஊர் விரிகிறது. குடியிருப்பின் வீடுகள் பெருகும்போது அது உள்நோக்கியே நெருங்குகிறது. சுற்றியுள்ள நிலம் பிறருடையது. அதை விலைக்குக் கேட்டாலும் தலித்துகளுக்குக் கிடைப்பது அரிது. தாத்தாவுக்கு அளிக்கப்பட்ட ஒற்றை அறைத் தொகுப்பு வீட்டின் நடுவே சேலையைத் திரையாகக் கட்டி இரண்டு தம்பதியர் வாழ்கிறார்கள். பிள்ளைகளும் முதியோரும் மிச்ச இடத்தில். பட்டா கேட்ட மனு ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்கிறது. வறுமை மட்டும் இந்த நெரிசலை உண்டாக்கவில்லை. வறுமையோடு சாதி வகுத்த எல்லைக்கோடும் சேர்ந்து உண்டாக்கிய நெரிசல் இது. ஆகவேதான் பட்டா மனு எழுதச் சென்ற இடத்தில் இதய நோயாளியைச் சந்தித்தது எங்களுக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

பார்த்தால் தெரியும் நோய்

"இந்த நோயெல்லாம் இப்போது குறைந்துவிட்டது" என்று சொல்லப்படுவதை அடிக்கடி கேட்கிறோம். அக்கூற்றுக்கு ஆதாரமும் உண்டு. வேலூர் மாவட்டத்தில் 2001–2002இல் 2,29,829 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்த ஆய்வு, ஆயிரத்துக்கு 0.68 என்ற அளவிலேயே இந்நோயைக் கண்டது. தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரம் மேம்பட்டதன் விளைவு இதில் உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஆய்வில் முதற்கட்டமாகச் செய்யப்பட்டது ஸ்டெதாஸ்கோப் பரிசோதனை. காதுக்குக் கேட்ட பழுது மட்டுமே அடுத்த கட்டத்துக்குச் சென்றது. ஹரியானாவின் பல்லப்கரில் எய்ம்ஸ் மருத்துவர்கள் 6,270 பள்ளிப் பிள்ளைகளை இருவழியிலும் ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டனர். காதால் கேட்டுக் கண்டறிந்தது ஆயிரத்துக்கு 0.8, எக்கோ கருவியால் பார்த்துக் கண்டறிந்தது ஆயிரத்துக்கு 20.4. அதாவது ஒரு பிள்ளையைக் கண்டறிந்த இடத்தில் ஏறத்தாழ இருபத்தைந்து பிள்ளைகள் இருந்தனர். எக்கோவில் தெரியும் தொடக்கநிலைப் பழுது எல்லாம் கடும் நோயாக முற்றுவதில்லை. பலருக்கு அப்படியே நிற்கும், சிலருக்குச் சரியாகவும் கூடும். எனினும் எவருக்கு முற்றும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலையில், பார்க்காமல் விட்டுவிடுவது அந்தச் சிலரைக் கைவிடுவதாகும்.

இறப்பிலும் இந்நோய் கணக்கில் வருவதில்லை. வீட்டில் மூச்சுத்திணறி இறந்த இளம் பெண்ணின் மரணத்தை ஊர் 'மாரடைப்பு' என்கிறது. மாரடைப்பு இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாயின் அடைப்பால் வருவது. அது வேறு நோய். நெஞ்சு வலியோடு வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதலுதவி மாத்திரை வழங்கும் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கியது. வரவேற்கத்தக்க திட்டம். ஆனால் வால்வு பழுதான பெண்ணுக்கு அந்த மாத்திரைகள் விடையாகா. அவருக்கு வேண்டிய மருந்து அவருடைய ஒன்பதாம் வயதிலேயே தொடர்ந்து கிடைத்திருக்கவேண்டும்.

அந்த ஊசி

அம்மருந்தின் பெயர் பென்சத்தின் பென்சிலின். ஒருமுறை தசையில் செலுத்தினால் மூன்று, நான்கு வாரங்களுக்கு உடலில் மெல்லக் கரைந்துகொண்டிருக்கும். பெரியவர்களுக்கு 12 லட்சம் யூனிட். எடை குறைந்த பிள்ளைகளுக்கு 6 லட்சம் யூனிட். மூட்டுவாதக் காய்ச்சல் ஒருமுறை வந்தவருக்கு இதை மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை செலுத்தி வந்தால் அடுத்த தொற்று வராது; வால்வில் புதிய தழும்பு விழாது. இதயம் பாதிக்கப்படாதவருக்குக் குறைந்தது 5 ஆண்டுகள் அல்லது 21 வயது வரை. வால்வில் பழுது நிலைத்துவிட்டவருக்கு 10 ஆண்டுகள் அல்லது 40 வயது வரை. இவற்றில் எது நீண்டதோ அதுவரை தொடரவேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல்.

இதன் பயனை உகாண்டாவின் வடபகுதியில் நடந்த ஆய்வு ஐயமின்றிக் காட்டியது. எக்கோவில் தொடக்கநிலைப் பழுது தெரிந்த 818 பிள்ளைகளில் ஒரு பாதிக்கு நான்கு வாரத்துக்கு ஓர் ஊசி போடப்பட்டது. மறுபாதி கண்காணிப்பில் மட்டும் இருந்தது. இரண்டாண்டு முடிவில், ஊசி பெற்றவர்களில் 0.8 விழுக்காட்டினருக்கே நோய் முற்றியது, பெறாதவர்களில் 8.2 விழுக்காட்டினருக்கு முற்றியது. முற்றுவது பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

இந்தியாவின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இடம்பெற்ற மருந்து இது. ஒரு குப்பியின் விலை சில பத்து ரூபாய்களே. பிறகு ஏன் நின்றுபோகிறது? ஊசி கடுமையாக வலிக்கும், பிள்ளை அஞ்சும். ஒவ்வாமை அதிர்ச்சி வருமோ என்ற அச்சத்தால் சிறிய மருத்துவமனைகள் போட மறுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகின்றன. அத்தகைய அதிர்ச்சி மிக அரிது. உரிய முதலுதவி மருந்தும் பயிற்சி பெற்ற செவிலியரும் இருந்தால் கையாளத் தக்கது. வால்வு மிகக் கடுமையாகப் பழுதடைந்து இதயம் தளர்ந்த நிலையில் உள்ளவர்களுக்கு ஊசிக்கு மாற்றாக மாத்திரையைப் பரிந்துரைப்பதும் உண்டு; அதை மருத்துவரே முடிவு செய்யவேண்டும். சில வேளைகளில் மருந்தே இருப்பில் இருப்பதில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேல், தருமபுரி மாவட்டத்துக்கே உரிய காரணம் இடப்பெயர்வு. மழை பொய்த்தால் மக்கள் பெங்களூருவின் கட்டடங்களுக்கும் செங்கற்சூளைகளுக்கும் செல்கிறார்கள். குடும்பம் நகர்கிறது, மருத்துவப் பதிவேடு நகர்வதில்லை.

பெண் பிள்ளை எனில் இன்னொரு தடையும் சேர்கிறது. இதய நோய் என்று வெளியே தெரிந்தால் திருமணம் தடைப்படும் என்று குடும்பம் மறைக்கிறது. திருமணத்துக்குப் பின் மாதம் ஒருமுறை ஊசிக்குச் செல்வதற்குக் கணவர் வீட்டில் காரணம் சொல்ல முடிவதில்லை. ஊசி நிற்கிறது.

வால்வு சுருங்கிய பின்

சுருங்கிய மைட்ரல் வால்வை நெஞ்சைப் பிளக்காமலே விரிக்கும் வழியை ஜப்பானின் கான்ஜி இனோவே 1982இல் செயற்படுத்திக் காட்டினார். தொடையிலுள்ள குருதிக்குழாய் வழியே பலூனை இதயத்துக்குச் செலுத்தி, ஒட்டிய இதழ்களை அது பிரிக்கிறது. எல்லா வால்வுக்கும் இது பொருந்தாது. கசிவு மிகுந்தாலோ இதழ்கள் சுண்ணாம்பேறினாலோ செயற்கை வால்வு பொருத்தவேண்டும். வெளிநாட்டு வால்வின் விலை எட்டாத நிலையில், எம். எஸ். வலியத்தான் தலைமையில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்று வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது பொருத்தப்பட்டுள்ளது. அறிவியல் எளியோரை நோக்கி வந்ததற்கு இது சான்று.

ஆயினும் செயற்கை வால்வோடு இன்னொரு சுமை வருகிறது. உலோக வால்வு பெற்றவர் குருதி உறையாதிருக்க வாழ்நாள் முழுவதும் மாத்திரை உட்கொள்ளவேண்டும். அளவு குறைந்தால் வால்வில் குருதி உறையும், கூடினால் குருதிப்பெருக்கு. ஆகவே அடிக்கடி ஐ.என்.ஆர். பரிசோதனை தேவை. இப்பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரை ஒன்றை, மூட்டுவாத இதய நோயோடு துடிப்பு ஒழுங்கும் தவறிய ஏறத்தாழ 4,500 பேரிடம் 24 நாடுகளில் ஆராய்ந்தார்கள். 2022இல் வெளியான முடிவின்படி, பழைய மாத்திரை பெற்றவர்களிடமே இறப்பு குறைவாக இருந்தது. எனவே இந்நோயாளிகளுக்குப் பரிசோதனைக்கூடம் அருகில் இருப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. ஒரு ரத்தப் பரிசோதனைக்காக ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழக்கவேண்டும் என்றால், பரிசோதனை தள்ளிப்போகும்.

பேறுகாலம் இதனினும் கடுமையானது. கருவுற்ற பெண்ணின் குருதியளவு ஏறத்தாழ பாதி அளவுக்குக் கூடுகிறது. குறுகிய வாயில் அதைத் தாங்குவதில்லை. அதுவரை நோய் இருப்பதையே அறியாத பெண் ஆறாம், ஏழாம் மாதத்தில் மூச்சுத்திணறுவது இதனாலேயே. சென்னை மருத்துவக் கல்லூரி 2016 முதல் 2019 வரை இதய நோயுள்ள கருவுற்ற பெண்கள் 1,005 பேரைப் பதிவுசெய்து ஆராய்ந்தது. அவர்களிடையே மிகுதியாகக் காணப்பட்டது மூட்டுவாத இதய நோயே, 42 விழுக்காடு. ஒட்டுமொத்தத் தாய் இறப்பு 1.9 விழுக்காடு; செயற்கை வால்வு பொருத்தியவர்களிடம் அது 8.6 விழுக்காடு. பேறுகாலப் பதிவின்போதே ஒவ்வொரு பெண்ணின் இதயத்தையும் கவனித்துக் கேட்கவேண்டியதன் தேவையை இந்த எண்கள் சொல்கின்றன.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிக்கிறது. பலூன் சிகிச்சையும் வால்வு மாற்றமும் அதில் அடங்கும். பலருடைய உயிரை அது காத்திருக்கிறது. ஆனால் வால்வு கெட்ட பிறகு லட்சங்களைச் செலவிடும் அமைப்பு, கெடாமல் காக்கும் சில பத்து ரூபாய் ஊசியைத் தேடிச் சென்று போடுவதில்லை.

சட்டம் காணும் வாயில், காணாத வாயில்

2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகள் தீக்கிரையாக்கப்பட்ட மாவட்டம் இது. அதை வன்கொடுமை என அறிய எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, இழப்பீடு என்று சட்டத்தின் வழிகள் நம்முன் இருந்தன. நெரிசலில் தொடங்கி, நின்றுபோன ஊசியில் வளர்ந்து, பேறுகாலத்தில் கொல்லும் நோய்க்கு முதல் தகவல் அறிக்கை கிடையாது.

தீண்டாமையின் பேரால் மருத்துவமனையில் அனுமதி மறுப்பதைக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955இன் 5ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் நுழைவதைத் தடுப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வன்கொடுமையாக்கியது. வாயிலை மறித்து நிற்பவரை இச்சட்டங்கள் காண்கின்றன. வாயில் திறந்திருக்க, உள்ளே மருந்து இல்லாததையும், வராத நோயாளியை எவரும் தேடாததையும் அவை காண்பதில்லை.

அவற்றைக் காண அரசமைப்புச் சட்டத்திடமே செல்லவேண்டும். அடிப்படை உரிமைகளுக்காக உச்ச நீதிமன்றத்தை நாடும் 32ஆம் பிரிவை அதன் இதயம் என அண்ணல் அம்பேத்கர் கருதியது நாம் அறிந்ததே. ரயிலிலிருந்து விழுந்து தலையில் காயமுற்ற ஒருவரை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பியதை எதிர்த்து மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் அமைப்பு தொடுத்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் உரிய நேரத்தில் சிகிச்சை மறுப்பது 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்றது. நிதி இல்லை என்று கூறி அரசு இக்கடமையிலிருந்து விலக முடியாது என்றும் தெளிவாக்கியது. மிக விலையுயர்ந்த மருந்து தேவைப்பட்ட அரிய நோயுள்ள ஒரு குழந்தையின் வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 2014இல் அம்மருந்தை இலவசமாக அளிக்க ஆணையிட்டது. விலையுயர்ந்த மருந்துக்கே அரசின் கடமை உண்டெனில், சில பத்து ரூபாய் மருந்து இருப்பில் இல்லாததற்கு எந்த விளக்கமும் ஏற்கத்தக்கதன்று.

ஆஸ்திரேலியாவில் இம்மரணங்கள் நீதிமன்றத்தை எட்டியுள்ளன. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் டூமாட்ஜி எனும் தொல்குடி ஊரில் மூட்டுவாத இதய நோயால் மூன்று பெண்கள் இறந்ததை மரண விசாரணை நீதிமன்றம் ஒருங்கே விசாரித்து, சிகிச்சையில் நேர்ந்த குறைகளை 2023இல் விரிவாகப் பதிவு செய்தது. தடுக்கக்கூடிய நோயால் நேரும் இறப்பு விதி எனக் கடந்துபோகத் தக்கதன்று. விசாரிக்கத் தக்கது என்பதே அதன் பொருள்.

நாம் கேட்கவேண்டியவை

முதலாவது, ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பென்சத்தின் பென்சிலினும் ஒவ்வாமைக்கான முதலுதவி மருந்தும் எப்போதும் இருப்பில் இருக்கவேண்டும். கடந்த ஓராண்டில் எத்தனை குப்பிகள் வந்தன, எத்தனை நாட்கள் இருப்பு இல்லை என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் கேட்கலாம். 30 நாட்களுக்குள் விடை தரப்படவேண்டும். கிராம சபையில் தீர்மானமாகவும் கொண்டுவரலாம்.

இரண்டாவது, நோயாளிகள் பதிவேடு. பெங்களூருவுக்குச் சென்றாலும் திருப்பூருக்குச் சென்றாலும் அந்தந்த இடத்தில் ஊசி பெறும் வகையில் அது அமையவேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வரும் அத்திட்டம், ஊசிக்கு வராத பிள்ளையின் வீட்டையும் தேடி வரலாம்.

மூன்றாவது, பள்ளிப் பரிசோதனை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் கண்டறியவேண்டிய நோய்களின் பட்டியலில் மூட்டுவாத இதய நோயைச் சேர்த்துள்ளது. அக்குழுக்களுக்குக் கையடக்க எக்கோ கருவியும் பயிற்சியும் வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் அது முதலில் தொடங்கட்டும். விடுதிகளில் படுக்கைகளுக்கு இடையேயுள்ள தொலைவும் அப்போது அளக்கப்படட்டும்.

நான்காவது, வட்டார அளவில் ஐ.என்.ஆர். பரிசோதனை.

ஐந்தாவது, வீடு. தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் 2024இல் நிறைவேறியுள்ளது. அதன் நிதி நெரிசலைக் குறைக்கும் மனைகளாகவும் அறைகளாகவும் குடியிருப்புகளை அடைகிறதா என்பதை நாம் கண்காணிக்கவேண்டும். பட்டா மனுவும் மருத்துவ மனுவே.

இவற்றுக்காக நீதிமன்றம் செல்ல நேர்ந்தால் பணமில்லை என்று எவரும் தயங்கவேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள்.

அதியமான்கோட்டைப் பெண்ணுக்கு வருமானச் சான்றிதழ் கிடைத்தது. காப்பீட்டு அட்டையும் கிடைத்தது. பலூன் சிகிச்சை முடிந்து நலமாக இருக்கிறார். இனி நாற்பது வயது வரை அவருக்கு ஊசி தேவை. மூன்று வாரத்துக்கு ஒன்று எனக் கணக்கிட்டால் ஏறத்தாழ 240 ஊசிகள். எவையும் தவறக் கூடாது.

உண்டவரை நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு அளித்தவன் என்று தமிழ் மரபு போற்றும் மன்னனின் பெயரை அவ்வூர் தாங்கியிருக்கிறது. கொடை வள்ளலின் மனத்தைப் பொறுத்தது. கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. அந்த 240 ஊசிகளை நாம் அப்படிக் கேட்கவில்லை. தேதி தவறினால் ஏன் தவறியது என்று எழுத்தில் விடை கேட்போம்.